காபந்து சர்க்காரும் ஒரு நொண்டி வாத்தும்

போன வாரம் தங்கச்சி பையன் போன் பண்ணினான். காலேஜில் இரண்டாம் வருஷம். "மாமா, லேம் டக்னா என்னங்க மாமா? நொண்டி வாத்துன்னு எழுதுனா மார்க் போடுவாங்களா?" என்றான். அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றி ஏதோ கட்டுரையாம். பதவிக்காலம் முடியப் போகிற, ஆனா நாற்காலியை விட்டு இன்னும் இறங்காத ஆளுக்கு அப்படிப் பேருடா, நொண்டி வாத்துன்னு எழுதாதே, காபந்து சர்க்கார்னு நம்ம ஊர்ல ஒண்ணு இருக்கு பாரு, அதை ஒட்டி எழுது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் யோசனை வந்தது. ரெண்டும் ஒண்ணா? ஒண்ணு இல்லை. அதுவும் இல்லாம, காபந்து என்கிற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது பேப்பரிலோ ரேடியோவிலோ இல்லை. எங்க அப்பாரு வாயிலிருந்து. அதைக் கடைசியில் சொல்கிறேன். மொதல்ல வாத்து.

இந்த வாத்து அரசியலில் பிறந்தது இல்லைங்க, சந்தையில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் எக்ஸ்சேஞ்ச் ஆலி என்று ஒரு சந்து. காபிக் கடைகள் நிறைந்த சந்து. அங்கே உட்கார்ந்துதான் பங்கு வாங்குவதும் விற்பதும். இன்றைக்கு வாயால் பேசி வாங்கிவிட்டு, கணக்கு முடிக்கும் நாளில் காசைக் கட்ட வேண்டும். அன்றைக்குக் கட்ட முடியாமல் கையை விரித்தவனுக்கு 'நொண்டி வாத்து' என்று பட்டம். சந்தை ஏறும் என்று நம்புகிறவன் காளை, இறங்கும் என்று நம்புகிறவன் கரடி, நடுவில் காலொடிந்தவன் வாத்து. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் அந்தச் சந்தை விட்டுத் தத்தித் தத்தி வெளியே போவானாம். ஹோரஸ் வால்போல் என்கிற எழுத்தாளர் 1761ல் எழுதிய கடிதம் ஒன்றில் காளை, கரடி, வாத்து மூன்றும் வருகின்றன. அப்படியானால் அதுக்கு முன்னாடியே சந்தையில் புழங்கியிருக்க வேண்டும்.

சோமனூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நூல் வியாபாரத்திலும் காடாத் துணி வியாபாரத்திலும் இருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்க. "அவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்" என்கிற வாக்கியம் ஒரு தடவையாவது அந்த வீட்டு நடுக்கூடத்தில் விழுந்திருக்கும். ஐ.பி. குடுத்துட்டான் என்றும் சொல்வார்கள். கடன் கட்ட வழியில்லை, என்னிடம் இருப்பது இவ்வளவுதான், பிரித்துக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் மனு போடுவது. 1920ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டம் கொடுத்த வழி. எங்க அப்பாவுக்கே ஒருத்தர் குடுத்திருக்கிறார். ஆறு மாசத்துத் துணிக்காசு. அந்த வருஷம் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத் துணி கிடையாது (துணி நெய்கிற வீட்டில்!).

தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் (1847-48) ஒரு பணக்கார அப்பா, நண்பர் திவாலானதும் அவர் மகளை மருமகளாக எடுக்கமாட்டேன் என்று குதிப்பார். அங்கே அவர் அந்த நண்பரைச் சொல்லும் வார்த்தை இதே நொண்டி வாத்துதான். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சக் கடுதாசி குடுத்தவன் வூட்ல சம்பந்தம் பண்றதா என்று எங்க ஊரில் கேட்கிற அதே குரல்.

இந்தச் சந்தை வாத்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய் அரசியலில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பில் 1863 ஜனவரியிலேயே, தோற்றுப்போன அரசியல்வாதிகள் என்கிற அர்த்தத்தில் அந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. வோட்டு என்கிற முதல் கையில் இல்லாதவன், கடன் அடைக்க முடியாதவன் மாதிரித்தானே. ஒப்புமை பொருந்திப் போச்சு.

அங்கே அது பொருந்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர்கள் தேர்தல் நவம்பரில். பதவியேற்பு மார்ச் 4. நாலு மாசம் இடைவெளி! குதிரையிலும் படகிலும் பயணம் போன காலத்தில் போட்ட கணக்கு அது. அந்த நாலு மாசத்தில் என்ன ஆகும் என்பதற்கு 1860ஐப் பாருங்கள். நவம்பரில் லிங்கன் ஜெயிச்சார். நாற்காலியில் இருந்தது புக்கானன். டிசம்பர் 20ந் தேதி தென் கரோலினா பிரிந்து போனது. பிப்ரவரி முதல் தேதிக்குள் மொத்தம் ஏழு மாநிலம் போச்சு. பிரிந்து போக உங்களுக்கு உரிமை இல்லை, தடுக்க எனக்கும் அதிகாரம் இல்லை என்றார் புக்கானன். லிங்கன் வந்து உட்காரும்போது வீடு பாகம் பிரிந்து கிடக்கிறது.

அப்படியும் அவர்களுக்குப் புத்தி வர இன்னும் 70 வருஷம் ஆச்சு. 1932 நவம்பரில் ஹூவர் தோற்று ரூஸ்வெல்ட் ஜெயித்தார். மார்ச் வரை ஹூவர். அந்தக் குளிர்காலத்தில் பாங்கு மேல் பாங்காக மூடுகிறது, போகிறவர் வருகிறவரைச் சேர்ந்து கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார், வருகிறவர் பிடி கொடுக்கவில்லை. 1933 ஜனவரியில்தான் அரசியல் சட்டத்தின் 20ஆவது திருத்தம் முழுமையானது. பதவியேற்பை ஜனவரி 20க்கு முன்னால் கொண்டுவந்தது. அதுக்குப் பேரே 'நொண்டி வாத்துத் திருத்தம்'. ஆனா அந்த வருஷப் பதவியேற்புக்கு அது பொருந்தவில்லை, 1937ல்தான் ஜனவரி 20 பதவியேற்பு நடந்தது.

சரி, நம்ம பக்கம் வருவோம்.

நம்ம ஆட்சி முறையில் தோத்தவர் நாலு மாசம் உட்கார முடியாது. முடிவு வந்த ரெண்டு மூணு நாளில், ஒரு வாரத்தில் மாலை மாறிவிடும். நம்ம பிரச்சினை வேற மாதிரி. சபையில் பெரும்பான்மை போச்சு, இல்லை சபையே கலைஞ்சு போச்சு, அடுத்த தேர்தல் வரைக்கும் யாராவது இருந்தாகணுமே? ராஜினாமாவை வாங்கிக்கொண்டு ஜனாதிபதியோ கவர்னரோ, "மாற்று ஏற்பாடு ஆகிற வரை நீங்களே தொடருங்க" என்பார். அவர்தான் காபந்து.

காபந்து பண்ணுதல் என்றால் பத்திரமாகப் பாதுகாத்து வைத்தல். பெரியவங்க வீட்டுச் சாமான் எதையாவது கையில் கொடுத்து "காபந்து பண்ணி வை" என்பார்கள். பாருங்கள், இங்கேதான் ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம். ஆங்கிலச் சொல் ஆளைப் பார்க்கிறது: கால் ஒடிஞ்சவன், இனி இவனால் என்ன ஆகும் என்று சிரிக்கிறது. நம்ம சொல் ஆளைப் பார்க்கவில்லை, அவன் கையில் இருக்கிற சாமானைப் பார்க்கிறது. உடையவன் வருகிற வரை பூட்டி வை. பரதன் பாதுகையை வைத்து நந்திகிராமத்தில் 14 வருஷம் உட்கார்ந்ததும் இந்தக் கணக்குதான். (கால் ஊனத்தைக் கேலியாக வைத்த வார்த்தையைத் தமிழில் அப்படியே மொழிபெயர்த்துப் போடும் பத்திரிகைகளுக்கு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கிறேன்.)

இன்னொரு ஆச்சரியம், இந்தக் காபந்து சர்க்கார் என்பது நம்ம அரசியல் சட்டத்தில் எங்கேயுமே இல்லை. 1970 டிசம்பர் 27ல் இந்திரா காந்தி லோக்சபாவைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார். சபையே இல்லாதபோது மந்திரிசபை யாருக்குப் பொறுப்பு, இந்தப் பிரதமர் எப்படித் தொடரலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. யு.என்.ஆர்.ராவ் என்பவர் போட்டது. அது சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1971 மார்ச்சில் தீர்ப்பு: சபை கலைந்தாலும் மந்திரிசபை இருந்தே ஆகவேண்டும், ஜனாதிபதி தனியாக ஆள முடியாது. இருக்கணும் என்று சொல்லியாச்சு, எதுவரைக்கும் கை நீட்டலாம் என்பது சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. அது மரியாதையை நம்பி ஓடுகிற விஷயமாகவே இருந்துவிட்டது.

1979ல் சரண் சிங். ஜூலை 28ல் பதவியேற்றார், ஆகஸ்ட் 20ல் ராஜினாமா. நாடாளுமன்றத்தை ஒரு நாள்கூடச் சந்திக்காத பிரதமர். ஆனா காபந்துப் பிரதமராக அடுத்த ஜனவரி 14 வரை, கிட்டத்தட்ட ஐந்து மாசம்! நிஜமா ஆண்டதை விடக் காபந்து பண்ணினதுதான் அதிகம். அப்போது ஜனாதிபதி சஞ்சீவ ரெட்டி, தேர்தல் வரை புதுக் கொள்கை, பெரிய புதுச் செலவு, பெரிய நிர்வாக முடிவு எதுவும் கிடையாது என்று பிரதமர் உறுதி கொடுத்திருக்கிறார் என்பதை அறிக்கையிலேயே போட்டார். பூட்டைப் பார்த்துக்கோ, பெட்டியைத் திறக்காதே. அவ்வளவுதான் அதன் சாரம்.

ஆனா பெட்டியைத் திறந்தே ஆகவேண்டிய நாள் வந்தால்? அதுதான் 1991. சந்திரசேகர் மார்ச் 6ல் ராஜினாமா பண்ணினார். ஜூன் 21 வரை அவர்தான் காபந்து. முழு பட்ஜெட்கூடப் போட முடியாமல் யஷ்வந்த் சின்கா இடைக்கால பட்ஜெட்டோடு நின்றார். மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. கஜானாவில் அந்நியச் செலாவணி மூணு வார இறக்குமதிக்குக் கூடக் காணாது. வெளிநாட்டுக் கடன் தவணை தவறினால் நாடே மஞ்சக் கடுதாசி குடுக்கணும். இந்த நிலைமையில் அந்தக் காபந்து அரசு மே மாசத்தில், கடத்தலில் பிடிபட்டு அரசிடம் இருந்த தங்கத்திலிருந்து 20 டன்னை, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்து பாங்கு ஒன்றுக்கு விற்றது. பிறகு ஜூலையில், நரசிம்மராவ் வந்ததும், ரிசர்வ் வங்கியின் தங்கம் சுமார் 47 டன் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு போனது.

வாக்குக் கேட்கவே முகமில்லாத ஒரு அரசாங்கம் ஊர்த் தங்கத்தை விக்கலாமா? விக்காம இருந்திருந்தா? நான் இதை எத்தனையோ ராத்திரி யோசிச்சிருக்கேன். விற்றது சரி என்றுதான் என் கட்சி. ஆனா சரி என்று சொல்லும்போதே வயிற்றில் ஒரு சங்கடம் இருக்கிறது.

1999ஐயும் சொல்லியாகணும். அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்க, ஏப்ரல் 17ல் வாஜ்பாய் ஒரே ஒரு வோட்டில், 269க்கு 270, தோற்றார். (அந்த வோட்டில் ஒன்று கிரிதர் கமாங் போட்டது. அவர் அப்போது ஒரிசா முதலமைச்சர், எம்.பி. பதவியை இன்னும் விடவில்லை. ரெண்டு நாற்காலியில் ஒரே ஆள்!) அக்டோபர் 13 வரை வாஜ்பாய் காபந்துப் பிரதமர். மே மாசமே கார்கில் வந்துவிட்டது. திருச்சி மேஜர் சரவணன் பட்டாலிக் மலையில் உயிர் விட்டதெல்லாம் ஒரு காபந்து சர்க்கார் காலத்தில்தான். காபந்து என்று சொல்லி எல்லையில் சும்மா இருக்க முடியுமா? முடியாது, யாரும் தப்பு சொல்லவும் இல்லை. ஆனா அதே காபந்து அரசு, அதே ஜூலையில், செல்போன் கம்பெனிகள் கட்டவேண்டிய நிலையான லைசென்ஸ் கட்டணத்தை மாற்றி வருமானத்தில் பங்கு என்று ஆக்கியது. இது பொறுத்திருக்கக் கூடாதா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. நம்ம செல்போன் பில் பிறகு இறங்கியதற்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்பார்கள். அதனால் யாரும் இப்போது அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்திருக்கவில்லை. எனக்கென்னவோ அந்தக் கேள்வி நியாயமானது என்றே படுகிறது.

தமிழ்நாட்டில் காபந்து என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஓ.பன்னீர்செல்வம்தான். அதில் ஒரு குழப்பம் உண்டு. 2001லும் 2014லும் அவர் முழு முதலமைச்சர்தான், யாருக்காகவோ நாற்காலியைப் பாதுகாத்தார் என்பது ஊர் பேச்சு. சட்டப்படி காபந்து முதல்வராக இருந்தது 2017ல், பிப்ரவரி 5ல் ராஜினாமா பண்ணியதிலிருந்து 16ல் எடப்பாடி பழனிசாமி பதவியேற்கும் வரை, பதினோரு நாள். அதில் மூன்றாம் நாள் ராத்திரிதான் மெரினாவில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். கண்ணைத் திறந்ததும் நடந்தது உங்களுக்கே தெரியும். காலொடிஞ்ச வாத்து என்று நினைத்தவர்களை ஒரு வாரம் தூங்கவிடாமல் அடித்தார்.

ஊர் மட்டத்திலும் இது உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. எங்க பக்கத்துக் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல். மூணு வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. பேரூராட்சி, நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை. தனி அலுவலரிடம் போய்த் தெருவிளக்கு கேட்டால் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கும்: "தலைவர் வரட்டுங்க." நேர்மாறாக ஒன்றும் பார்த்திருக்கிறேன். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை மணியகாரர், கர்ணம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. கணக்குப் புத்தகம் போச்சு. ஆனா எங்க பக்கம் அந்தக் குடும்பங்களை இன்னைக்கும் மணியகாரர் வூடு என்றுதான் சொல்கிறோம். பதவி போயும் கால் ஒடியாத வாத்துக்கள் :-)

இப்ப அப்பாரு கதை.

எங்க ஊர்த் தறிக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். பேர் வேண்டாம், இப்போது இல்லை. ரெண்டு தறி, நாலு தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவர்கள். மாசம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, மோட்டார் ரிப்பேர், ஆஸ்பத்திரி என்றால் அவசரக் கடன். தலைவர் கையெழுத்து இருந்தால்தான் பணம். அப்பாரு பன்னெண்டு வருஷம் தலைவர். 1991 சித்திரையில் கூட்டம் போட்டு வோட்டெடுத்தார்கள், தோத்துப் போனார். புதுத் தலைவர் நல்ல நாள் பார்த்து வைகாசியில் சாவி வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நடுவில் இருபத்து மூணு நாள். இரும்புப் பெட்டி எங்க வீட்டுத் திண்ணை ரூமில்.

அந்த இருபத்து மூணு நாளில் வீட்டுக்கு வருகிற ஆள் பாதியாகக் குறைந்ததை நானே பார்த்தேன். தாசில்தார் வீட்டு நாய் செத்த கதைதான். ஆனா வந்த ஒருத்தரை மறக்க முடியாது. புருசன் இல்லாத ஒரு அக்கா. ரெண்டு தறி. ஒரு தறிக்கு மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு, ரெண்டாயிரம் வேணும்.

"நாந் தோத்தவன் சாமி. இனி இந்தப் பொட்டியக் காபந்து பண்றதுதான் என்ற வேலை. தொறந்து குடுக்கறது வர்றவரு வேலை. வைகாசில வா," என்றார் அப்பாரு.

அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. நான் திண்ணையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காபந்துன்னா என்னங்க அப்பாரு என்று கேட்டதற்கு, "அடுத்தவன் பொருளத் தொடாம வச்சிருக்கறது" என்றார்.

வைகாசி வருவதற்குள் நேரத்துக்குத் துணி மடிச்சுக் குடுக்கலைன்னு பாவு குடுக்கிறவர்கள் பாவை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். அந்தத் தறி பழைய இரும்பு விலைக்குப் போனது. எங்க ஆத்தா அப்பாருவோடு பேசுவதை நிறுத்தினார். சோறு போடுவார், பேச மாட்டார். ஜூலையில் பேப்பர் பூராவும் தங்கம் பிளேன் ஏறின சேதி வந்தபோதுதான் வாயைத் திறந்தார். "தேசத்துக்குத் தலைவரா இருக்கறவங்களே பொட்டியத் தொறந்திருக்காங்கொ. இந்த மனுசனுக்கு ரெண்டாயிரம் ரூவாய்க்குத் தொறக்க மனசில்ல." அப்பாரு பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாவி ஒப்படைத்த நாள் கணக்கில் ஒரு பைசா குறையவில்லை. புதுத் தலைவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ரசீது இன்றும் எங்க வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது. அப்பாரு சாகிற வரை அதை யாருக்கும் காட்டினதில்லை, தூக்கிப் போடவும் இல்லை.

அந்த அக்கா இப்பவும் சோமனூரில்தான் இருக்கிறார். மிச்சமிருந்த ஒரு தறியில் மகனைப் படிக்க வைத்தார். தங்கச்சி பையன் போன் பண்ணின மறுநாள் சந்தையில் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாச்சு, தைரியமாகக் கேட்டுவிட்டேன். அன்னைக்கு அப்பாரு மேல கோவமாங்க்கா என்று.

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. பொட்டி சங்கத்துது, தொறக்க மாட்டேன்னாரு, அது நாயந்தான்," என்றார். கத்திரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "தன்ற ஜோப்புல இருந்து குடுத்திருக்கலாமில்ல?"